எட்டு வாரம் சிமுலேட்டரில், ஒரு நாள் தரையில்

போன முறை செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஏழு பிள்ளைகளுக்கு ரோபோ ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, முதல் நாளே பலகை, மோட்டார், ஒயர் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டேன். இரண்டு மணி நேர வகுப்பில் முதல் 50 நிமிடம் லேப்டாப், ரோபோவை இயக்கும் ஆர்டுயினோ பலகையைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் என்ற இணைப்பு மென்பொருளைத் தேடிப் போட வேண்டியிருந்தது. அப்புறம் ஒருவனுடைய ஜம்பர் ஒயர் உள்ளுக்குள் முறிந்திருந்தது, வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. இன்னொருத்தி 9 வோல்ட் பேட்டரியை நேராக எல்இடி காலில் வைத்து அழுத்தினாள். ஒரு நொடி பளிச், அதோடு சரி, கருகிய வாசனைதான் மிச்சம். அன்றைக்கு நிரல் என்று ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. ரோபோ ஒன்றே ஒன்று என்பதால் ஒருவர் தொட, ஆறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது வாரம் நான்கு பேர்தான் வந்தார்கள்.

இந்த முறை வேறு ஏழு பேர், 10 முதல் 14 வயது. நிரல் எழுதிய அனுபவம் யாருக்கும் கிடையாது. கையில் ஐந்து பழைய லேப்டாப். எட்டு வாரம் சிமுலேட்டர், அதாவது திரைக்குள் ஓடும் போலி ரோபோ மட்டும், ஒன்பதாவது வாரம்தான் ரோபோ அலமாரியை விட்டு வெளியே வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகம் சுருங்கியது. "அப்போ இது கேம் விளையாடுற மாதிரிதானே அக்கா?" என்று ஒருவன் கேட்டான். கொஞ்சம் அப்படித்தான் என்றேன்.

முதல் வாரம்: மூடாத முக்கோணம்

பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் டர்ட்டிலில், அதாவது சொன்னபடி திரையில் கோடு போடும் ஆமையில், தொடங்கினோம். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆமைக்கு வயது அதிகம். 1967ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபுர்செய்க் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார்கள். லோகோவின் ஆமை முதலில் தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் நிஜ ரோபோ. திரைக்குள் அது அப்புறம்தான் குடிபோனது. இதைச் சொன்னதும், கேம் என்று கேட்ட பையன் கொஞ்சம் சமாதானமானான்.

சதுரம் எல்லோருக்கும் வந்துவிட்டது. 100 போ, 90 திரும்பு, இதையே நான்கு முறை. அடுத்து சமபக்க முக்கோணம் கேட்டேன். அதன் கோணம் 60 என்று பள்ளியில் படித்திருக்கிறார்கள், ஆகவே ஏழு பேரும் கேள்வியே இல்லாமல் 60 என்று எழுதினார்கள். ஆமை மூன்று கோடு இழுத்து, பக்கவாட்டில் சாய்ந்த கிண்ணம் போல ஒன்றை வரைந்துவிட்டு நின்றது.

"அக்கா, ஆமைக்குக் கணக்கு தெரியல."

பதில் சொல்லும் ஆசையை அடக்கிக்கொண்டு தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு முக்கோணம் போட்டேன். சொன்னவளையே ஆமையாக்கி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு கோட்டின் மேல் நடக்கச் சொன்னேன். முதல் மூலைக்கு வந்து நின்றபோது அவள் கை முக்கோணத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அடுத்த கோட்டுக்குக் கை நேராகும்வரை திரும்பினாள். திரும்பினாள், இன்னும் திரும்பினாள். "இவ்ளோ தூரமா?" என்று அவளே சிரித்துவிட்டாள். முழுதாகப் பின்னால் திரும்புவதில் பாதிக்கு மேல் அவள் வந்துவிட்டதை மற்றவர்களும் பார்த்தார்கள். 60 என்பது முக்கோணத்துக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் கோணம். நடப்பவர் திரும்புவது வெளிப்பக்கத்து 120. இதை நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருவன் "180ல 60 போச்சு" என்று கணக்கை முடித்துவிட்டான்.

நிஜ ரோபோவில் இதே பிழை வந்திருந்தால் சக்கரம் வழுக்கிவிட்டது, பேட்டரி போதவில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்போம். சக்கரமே இல்லாத ஆமையிடம் அந்தச் சாக்கு செல்லாது. தப்பு எழுதியவருடையதுதான். சிமுலேட்டரில் தொடங்கியதற்கு எனக்குக் கிடைத்த முதல் நல்ல காரணம் இது. செலவு குறைவு, எதுவும் எரியாது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இடது பக்கம் மட்டும் திரும்பும் ரோபோ

இரண்டாவது வாரம் கேரல். 1981 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் பாட்டிஸ் தொடக்க மாணவர்களுக்காக அமைத்த குட்டி உலகம் அது. கட்டம் போட்ட தெருக்கள், சுவர்கள், தரையில் பீப்பர் எனப்படும் பொருள்கள், நடுவில் ஒரு ரோபோ. 'ரோபோ' என்ற சொல்லை நாடகத்தின் வழியாக உலகுக்குக் கொடுத்த செக் எழுத்தாளர் கேரல் சாப்பெக்கின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அதற்குத் தெரிந்த கட்டளைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: ஒரு கட்டம் போ, இடப்பக்கம் திரும்பு, பீப்பரை எடு, பீப்பரை வை.

வலப்பக்கம் திரும்பு என்ற கட்டளை கிடையாது. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. பிள்ளைகள் பட்டியலை மேலும் கீழும் தேடிவிட்டு, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். இடப்பக்கம் மூன்று முறை திரும்பினால் வலம் வந்துவிடும் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த கால் மணி நேரம் நிரல் முழுக்க அந்த மூன்று வரிகளை ஒட்டிக்கொண்டே போனார்கள். ஒருத்தியின் நிரல் 74 வரி. எங்கேயோ ஒரு இடத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு ஒட்டிவிட்டாள், ரோபோ சுவரில் போய் முட்டியது. எந்த இடம் என்று தேடித் தேடிக் கண் வலித்தபோது, "இதுக்கு நாமளே ஒரு பேர் வச்சுக்க முடியாதா அக்கா?" என்று கேட்டாள்.

பல வரிகளுக்குச் சேர்த்து ஒரு பெயர் வைக்கும் ஃபங்ஷன் என்றால் என்ன என்று நான் பாடம் எடுத்ததே இல்லை; அந்தக் கேள்விக்குப் பதிலாக அது வந்து சேர்ந்தது. பைத்தானில் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைக்கலாம், மொழியின் 3ஆம் பதிப்பிலிருந்து அது செல்லும். 'வலம்_திரும்பு' என்று எழுதி ஓட்டிக் காட்டினேன். பிழைச் செய்தி வரும் என்று எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் வரவில்லை. அதன்பிறகு எங்கள் நிரல்களில் 'சுவர்_வரை_போ', 'பயந்து_பின்வாங்கு' என்றெல்லாம் வரத் தொடங்கின. டெஃப், இஃப், வைல் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், அது யாருக்கும் தடையாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: தமிழ்த் தட்டச்சு பழகாத இரண்டு பேர் எரிச்சலடைந்து ஆங்கில எழுத்துக்கே திரும்பிவிட்டார்கள். நான் வற்புறுத்தவில்லை.

'ஓட்டு' பட்டன் என்ற நோய்

மூன்றாவது வாரம் ஒரு பையனுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். 20 நிமிடத்தில் 41 முறை ஓட்டினான். எண்ணை மாற்று, ஓட்டு, ஊஹூம், மாற்று, ஓட்டு. எத்தனை கட்டம் என்ற 4ஐ 5 ஆக்கினான், அப்புறம் 7, அப்புறம் 6. கடைசியில் ரோபோ பீப்பரைத் தொட்டுவிட்டது. ஏன் தொட்டது என்று கேட்டால் தெரியாது. தோற்றாலும் ஒன்றும் போகப்போவதில்லை என்பதால் யோசிக்கவே அவனுக்கு அவசியம் வரவில்லை. சிமுலேட்டரின் வசதியே இங்கே எதிராக வேலை செய்தது.

அன்று மாலையே ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு கொடுத்தேன். விதி ஒன்றுதான்: ஓட்டுவதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஓட்டிய பிறகு என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் எனக்குக் காட்ட வேண்டியதில்லை. வேறாக இருந்தால், ஏன் என்று மூன்றாவதாக ஒரு வரி.

நோட்டு வந்த முதல் வாரம் முழுக்க முணுமுணுப்புதான். "ரோபோ போகும்" என்று எழுதினான் ஒருவன். எங்கே போகும்? "முன்னாடி." எவ்வளவு தூரம்? எவ்வளவு என்று எழுத வேண்டுமானால் நிரலைப் படித்தாக வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியதும். இரண்டு வாரத்தில் 41 முறை ஓட்டியவனே ஒரு வகுப்பில் ஆறு, ஏழு முறைதான் ஓட்டினான். நோட்டில் கையெழுத்து மோசம், ஆனால் "3வது சுவரில் இடிக்கும், ஏன்னா எண்ணிக்கை 0ல ஆரம்பிக்குது" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு எல்இடி, இரண்டு தீர்ப்பு

நான்காவது வாரம் மின்சுற்று. டிங்கர்கேட் என்ற இணையதளத்தில், ஒயர்களைச் செருகும் பிரெட்போர்டு, ஆர்டுயினோ ஊனோ பலகை, ஒயர் எல்லாம் திரையில் இழுத்து வைக்கலாம். ஆசிரியர் கணக்கில் ஒரு வகுப்பை உருவாக்கினால், பிள்ளைகள் மின்னஞ்சல் இல்லாமலே வகுப்புக் குறியீட்டைத் தட்டி உள்ளே வரலாம். இந்த வயதுக்கு அது பெரிய தலைவலியைக் குறைத்தது. இணையம் மெதுவானால் எல்லாம் மெதுவாகும், அது வேறு விஷயம். திரையில் ஓடும் நேரமும் கடிகார நேரமும் ஒன்றாக இருக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் பழைய லேப்டாப்பில் ஒரு நொடிக்கு ஒருமுறை மின்ன வேண்டிய விளக்கு மூன்று நொடிக்கு ஒருமுறை மின்னியது. ஒரு பையன் நிரலில் இருந்த 1000 மில்லிநொடியை 300 ஆக்கிக் "சரிசெய்து" வைத்திருந்தான்.

9 வோல்ட் பேட்டரியில் எல்இடியை, கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் நேராக மாட்டச் சொன்னேன். ஓட்டியதும் எல்இடியின் மேல் வெடித்த மாதிரி ஒரு குறி வந்தது. எல்லோருக்கும் ஒரே குஷி, அடுத்த பத்து நிமிடம் வெடிக்க வைப்பதுதான் வேலை. போன முறை கருகிய வாசனையோடு முடிந்த பாடம் இந்த முறை வாசனையில்லாமல் நடந்தது.

அடுத்த வாரம் வோக்வி என்ற இன்னொரு சிமுலேட்டருக்கு மாறினோம். இதுவும் பிரவுசரிலேயே ஓடும். ஆர்டுயினோவோடு ஈஎஸ்பி32, பிக்கோ பலகைகளும் உண்டு. போன வாரப் பழக்கத்தில் ஒருத்தி எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் ஊனோவின் 'பின்' எனப்படும் இணைப்பு முனையில் மாட்டி, வெடிக்கும் என்று நோட்டில் எழுதிவிட்டு ஓட்டினாள். வெடிக்கவில்லை, அழகாக எரிந்தது. "இது ரொம்ப நல்ல எல்இடியா இருக்கு அக்கா" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

எது உண்மை என்ற சண்டை அரை மணி நேரம் நடந்தது, நான் நடக்க விட்டேன். அப்புறம் பலகையில் கணக்குப் போட்டோம். ஊனோவின் பின் 5 வோல்ட் தருகிறது. சிவப்பு எல்இடி அதில் சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட் 220 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போனால் கிட்டத்தட்ட 13.6 மில்லிஆம்பியர். ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்குள் எடுப்பதுதான் நல்லது, 40 என்பது அதன் உச்ச வரம்பு. ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் அந்த 3 வோல்ட்டைத் தடுக்க ஆளில்லை. ஆக, நிஜத்தில் எல்இடியோ பின்னோ அடிவாங்கும். வோக்வி பலகைக்குள் ஓடும் நிரலைத்தான் கவனமாகப் போலச் செய்கிறது. ஒயரில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. எல்இடிக்கு அங்கே பின் ஆனில் இருக்கிறதா ஆஃபா என்பது மட்டும்தான் தெரியும்.

ஆனால் அதே வோக்வியில் பட்டனைப் போட்டபோது கதை திரும்பியது. பட்டனை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும், எளிய நிரல். ஒருமுறை அழுத்தினார்கள், 4 காட்டியது. நிஜப் பட்டனுக்குள் உலோகத் தகடு படியும்போது சில மில்லிநொடிகள் துள்ளும், அந்தத் துள்ளலை வோக்வி தானாகவே சேர்த்துத் தருகிறது. வேண்டாமென்றால் அமைப்பில் அணைக்கலாம். எல்இடியைக் கண்டுகொள்ளாத சிமுலேட்டர் பட்டன் விஷயத்தில் இவ்வளவு கறார். அன்றைக்கு நோட்டின் பின்அட்டையில் எல்லோரும் ஒரு பட்டியல் தொடங்கினார்கள்: எந்த சிமுலேட்டர் எதை மறைக்கிறது. டிங்கர்கேட், வோக்வி, ஆமை என்று மூன்று கட்டம். ஆமைக் கட்டத்தில் ஒருத்தி எழுதியது: "எடை கிடையாது, களைப்பு கிடையாது."

(நிரலை அப்படியே நிறுத்திக் காத்திருக்கவைக்கும் டிலே கட்டளையை விட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் சொல்லும் மில்லிஸுக்கு மாறியது இந்த வாரங்களில்தான். விளக்கு மின்னும் நேரத்தில் பட்டனைக் கண்டுகொள்ளாததைப் பார்த்த பிறகு, தூங்கிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டால் எப்படித் திரும்புவார் என்று கேட்டேன், புரிந்துவிட்டது. அதற்குமேல் அதில் எழுத எதுவுமில்லை.)

நல்ல ரோபோவைக் கெடுத்தது

ஆறாவது வாரம் வெபாட்ஸ். 1996ல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய முப்பரிமாண சிமுலேட்டர், 2018லிருந்து திறமூல மென்பொருள். எங்கள் ஐந்து லேப்டாப்பில் மூன்றில்தான் ஓடியது, அதிலும் நிழலை அணைத்த பிறகுதான். இதில் இ-பக் என்று ஒரு குட்டி ரோபோ உண்டு. கைக்குள் அடங்கும், இரண்டு சக்கரம், சுற்றிலும் எட்டு அகச்சிவப்பு சென்சார்.

இங்கே பிள்ளைகளுக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று: சுவர் நெருங்க நெருங்க சென்சார் எண் கூடுகிறது. அனுப்பும் ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பதால் பக்கத்தில் இருப்பது அதிகம், தூரத்தில் இருப்பது குறைவு. 80ஐத் தாண்டினால் தடை என்று வைத்துக்கொண்டோம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாவது வாரம் இது எங்கள் காலை வாரியது.

ஏழாவது வாரத்துக்குள் ரோபோ அறைக்குள் எதிலும் மோதாமல் சுற்றியது. நேராகப் போ என்றால் நூல் பிடித்த மாதிரி போகும். எனக்கு அதுதான் உறுத்தியது. அலமாரியில் இருக்கும் ரோபோ அப்படிப் போகாது என்று எனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது.

சக்கர வேகத்தை அனுப்ப நான் எழுதிக்கொடுத்திருந்த ஒரு ஃபங்ஷனைத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள். எட்டாவது வார வகுப்புக்கு முன்னால் அதற்குள் போய் இடது சக்கரத்தின் வேகத்தை 0.95ஆல் பெருக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வகுப்பில் பெரிய கலவரம். நேற்றுவரை நேராகப் போன ரோபோ ஒரு மீட்டர் ஓடுவதற்குள் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் இடப்பக்கம் ஒதுங்கியது. 5 சதவீத வித்தியாசத்துக்கு இவ்வளவா என்று எனக்கே ஆச்சரியம், அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சரிதான். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 52 மில்லிமீட்டர்தான், அதனால் சிறு வித்தியாசமும் ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டமாகிவிடுகிறது. பிள்ளைகள் தங்கள் நிரலை வரிவரியாகத் தேடினார்கள். ஒருவன் வெபாட்ஸை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாம் என்றான். 74 வரி எழுதியவள் மட்டும் இரண்டு சக்கரமும் எவ்வளவு சுற்றியிருக்கின்றன என்று அச்சிட்டுப் பார்த்தாள். இடது குறைவு. நான் அனுப்பியது ஒரே எண், சுற்றியது வேறு எண், அப்படியென்றால் நடுவில் யாரோ இருக்கிறார்கள் என்று என் ஃபங்ஷனைத் திறந்தாள்.

"நீங்கதானா அக்கா? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

நிஜமாகவே கோபம். பத்து நிமிடம் என்னிடம் பேசவில்லை. பிறகு வலது சக்கரத்தை அவர்கள் பங்குக்கு 0.95ஆல் பெருக்கி நேராக்கிவிட்டார்கள். இடப்பக்கம் ஒதுங்கினால் இடது சோம்பேறி, வலதைக் குறை என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்பதாவது வாரம்

நிஜ ரோபோ வெளியே வந்தது. ஊனோ, மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர் பலகை, இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், 6.5 சென்டிமீட்டர் சக்கரங்கள், முன்னால் கண் போல, ஒலி அனுப்பித் தூரத்தை அளக்கும் ஒரு மீயொலி சென்சார். எட்டு வாரம் பொறுத்தவர்கள், யாரும் உட்காரவில்லை.

மோட்டார் கிளம்ப வேண்டும், நின்று திரும்ப வேண்டும், மறுபடி போக வேண்டும். சுவிட்சைப் போட்டோம். துடித்தது. நின்றது. துடித்தது. நின்றது. ஒரு அடிகூட நகரவில்லை. பலகையில் இருந்த சின்ன விளக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் மங்கி எரிவதை 41 முறை ஓட்டியவன்தான் பார்த்தான். "இது ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்குது." மிகச் சரி. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்டில் பேட்டரியின் வோல்ட் சரிந்து, பலகை ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. எந்த சிமுலேட்டரிலும் நாங்கள் இதைப் பார்க்கவில்லை. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்தோம். இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் இணைக்க மறந்து இன்னொரு 15 நிமிடம் போனது, அது என் மறதி.

அடுத்து, ரோபோ ஓடியது. சுவரைப் பார்த்து நேராக ஓடி முட்டியது, முட்டிய பிறகும் தள்ளிக்கொண்டே நின்றது. தூக்கி அறையின் நடுவில் திறந்த இடத்தில் வைத்தால், எதையோ கண்டு பயந்த மாதிரி பின்னால் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். நோட்டை எடுங்கள் என்றேன். இ-பக்கில் எழுதியதை அப்படியே கொண்டு வந்திருந்தார்கள்: எண் கூடினால் தடை. அங்கே எண் என்பது திரும்பி வந்த ஒளி, இங்கே எண் என்பது சென்டிமீட்டர். ஒப்பிடும் குறியைத் திருப்பியதும் சுவரின் முன் நின்றது.

திறந்த இடத்தில் பயப்படுவது மட்டும் நிற்கவில்லை. குறைந்துவிட்டது, ஆனால் எப்போதாவது காரணமில்லாமல் பின்வாங்கியது. சென்சார் எண்களைத் திரையில் ஓடவிட்டோம். 112, 113, 112, 0, 0, 114. அந்த 0தான் ஆள். மீயொலி போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைத்தான் அளக்கிறோம். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், சென்சாரின் எல்லையான 4 மீட்டர் போய்த் திரும்ப 23 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அதனால் 25 மில்லிநொடி காத்திரு என்று எழுதியிருந்தோம். அதற்குள் எதிரொலி வராவிட்டால், நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை 0 என்று திருப்பித் தரும். "ஒன்றும் கேட்கவில்லை" என்று அது சொன்னதை, "மூக்குக்கு முன்னால் சுவர்" என்று எங்கள் நிரல் எடுத்துக்கொண்டது. எதிரே சாய்வாக ஒரு அட்டைப்பெட்டி இருந்தது, ஒலி அதில் பட்டு வேறு பக்கம் தெறித்துப் போய்க்கொண்டிருந்தது. இதில் சிமுலேட்டரைக் குறை சொல்ல முடியாது. சுவர் இல்லாத இடத்தில், சுவர் சாய்ந்திருக்கும் இடத்தில் விட்டுப் பார்க்க எங்களுக்கே தோன்றவில்லை. 0 வந்தால் அதைத் தூரமாகவே எடுத்துக்கொள்ளாதே என்று ஒரு வரி சேர்த்தோம், பயம் தெளிந்தது.

கடைசியாக நேர்கோடு. தரையில் இரண்டு மீட்டருக்கு டேப் ஒட்டினேன். ஓட்டுவதற்கு முன் எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். ஏழு பேரில் ஆறு பேர் "நேராகப் போகாது" என்றே எழுதியிருந்தார்கள். எட்டாவது வாரக் கோபத்துக்குக் கிடைத்த பலன். ரோபோ டேப்பை விட்டு இடப்பக்கம் வளைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் "இடது சோம்பேறி" என்று நான்கு குரல்.

இரண்டு மோட்டாருக்கும் முழு வேகத்துக்கான 255ஐ அனுப்பிக்கொண்டிருந்தோம். வலதை 0.95ஆல் பெருக்கி 242 ஆக்கினார்கள். இன்னும் இடப்பக்கம்தான், ஆனால் குறைவு. 230. இப்போது வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவே 236. டேப்பின் கடைசியில் இரண்டு விரல் தள்ளி நின்றது. மறுபடி விட்டோம், மூன்று விரல். கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். நோட்டில் 236 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்கள். 90 பாகை திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 166 பாகை சுற்ற வேண்டும் என்ற கணக்கையும் போட்டார்கள். சக்கரங்களுக்கு நடுவே 12 சென்டிமீட்டர், சக்கரத்தின் விட்டம் 6.5. கணக்கு சரி. ஆனால் இந்த ரோபோவில் சுற்றை அளக்க ஒன்றுமில்லை, எத்தனை நொடி ஓடவிடுவது என்று குத்துமதிப்பாகத்தான் திருப்பினோம்.

இரவு பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். மறுநாள் பெற்றோருக்குக் காட்டுவதற்காக அதே டேப்பில், அதே 236ல் விட்டார்கள். ரோபோ வலப்பக்கம் ஒதுங்கிப் போய் நாற்காலிக் காலில் நின்றது. யாரும் நிரலைத் திறக்கவில்லை. 74 வரிக்காரி நேராகப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நோட்டில் 236க்குப் பக்கத்தில் "நேத்து சாயங்கால பேட்டரி" என்று எழுதினாள். கீழே 241 என்று எழுதி "இன்னிக்குக் காலை". அப்புறம் என்னைப் பார்த்து, இ-பக்கில் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று அச்சிட முடிந்ததே, இதில் ஏன் முடியாது என்று கேட்டாள்.

சக்கர அச்சில் மாட்டும் துளையிட்ட தட்டும், அதன் துளைகளை எண்ணும் சென்சாரும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். வரும்வரை வோக்வியில் துள்ளும் பட்டனையே சக்கரமாக வைத்து எண்ணிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.